கார்னிட்டீனும் உடல் வலிமையும்

சோர்வைப் போக்கும், முதுமையைத் தள்ளி வைக்கும் என்னும் விளம்பரத்துடன் கார்னிட்டீன் என்னும் பொருள் மாத்திரையாகவும் தூளாகவும் விற்கப்படுகின்றது. உடற்பயிற்சி செய்யும் இளைஞரும் தளர்ச்சியுற்ற முதியோரும் இதனை வாங்குகின்றனர். இதனால் பயன் உண்டா என்று களப்பணியாளரையும் ஆசிரியரையும் மக்கள் வினவுவது இயல்பு. விடை கூறுமுன், இப்பொருள் உடலில் ஆற்றும் தொழிலை அறிதல் வேண்டும்.

வரலாறு

1905-ஆம் ஆண்டில் இறைச்சிச் சாற்றிலிருந்து இது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஊன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் பெயருக்கு அடி. நெடுங்காலம் இதன் பயன் விளங்கவில்லை. பின்னர், மாவில் வளரும் ஒருவகை வண்டின் புழுக்களை ஆராய்ந்த பிரெங்கெல் என்பார், அவற்றின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் உண்டெனக் கண்டு, அதனை ‘வைட்டமின் பி-டி’ என்றார். அது கார்னிட்டீனே என்பது 1952-இல் உறுதிப்பட்டது. 1955-இல் பிரிட்ஸ் என்பார், கல்லீரலில் கொழுப்பு அமிலங்கள் எரிவதை இது ஊக்குகிறது எனக் காட்டினார். எனினும் அப்புழுவுக்கு வைட்டமினாகிய இப்பொருள் மனிதனுக்கு வைட்டமின் அன்று; மனித உடல் தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

உடலில் ஆற்றும் தொழில்

உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள. அடுப்பில் விறகு எரிவது போல, உணவுப் பொருள் இவற்றில் எரிந்து ஆற்றல் பிறக்கின்றது. நீண்ட தொடரமைப்புடைய கொழுப்பு அமிலங்கள் இவற்றின் உட்சவ்வைத் தாமே கடக்க மாட்டா. கார்னிட்டீன் அவற்றோடு இணைந்து உள்ளே சேர்ப்பித்துவிட்டு மீளுகின்றது. இது ஆற்றைக் கடத்தும் ஓடம் போன்றது. போதிய ஓடங்கள் உள்ள துறையில் மேலும் சில ஓடங்களைச் சேர்த்துவிடுவதால் மட்டும் அக்கரை செல்வோர் தொகை பெருகிவிடாது.

லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரலும் சிறுநீரகமும் இதனை ஆக்குகின்றன. இரும்பும், வைட்டமின் சி, பி-6, நயாசின் ஆகியவையும் இதற்குத் துணை. உடலிலுள்ள கார்னிட்டீனில் ஏறத்தாழ 95 விழுக்காடு இதயத்திலும் பிற தசைகளிலும் தங்கியுள்ளது.

புலால் உண்ணாதார்க்குக் குறை நேருமோ?

இறைச்சியில் இது மிகுதி, பாலில் சிறிதளவு, தானியங்களிலும் காய்கறிகளிலும் மிகச் சொற்பம். ஆயினும் உணவில் வரவு குறைந்தால், சிறுநீரகம் இதனை வெளியேறவிடாது சேமிக்கின்றது. அரிசியிலும் கோதுமையிலும் குறைந்துள்ள லைசினைப் பருப்பு தருகிறது. பருப்பில் குறைந்துள்ள மெத்தியோனினைத் தானியம் தருகிறது. ஆதலின் சோறும் பருப்பும் கீரையும் நிறைவாக உண்பவர் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆராய்ச்சியின் முடிவுகள்

2002-இல் கலிபோர்னியாவில் ஏம்ஸ் குழுவினர், கிழ எலிகளுக்கு அசிட்டைல் கார்னிட்டீனையும் லிப்போயிக் அமிலத்தையும் சேர்த்து அளித்தபோது, அவை முன்னினும் சுறுசுறுப்பாக இயங்கின. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றுரைத்தல் பொருந்தாது. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நூறு வயதை எட்டிய முதியோர்க்கு நாள்தோறும் 2 கிராம் வீதம் ஆறு திங்கள் அளித்ததில் சோர்வு குறைந்தது. மிக்க முதுமையில் கண்ட இப்பயனைக் கொண்டு, ஏனையோர்க்கும் இது முதுமையைத் தடுக்கும் எனல் ஆகாது. மறதி நோய்க்கு இதனை வழக்கமாக அளிக்கப் போதிய சான்று இல்லை என்று 2003-இல் காக்ரேன் தொகுப்பாய்வு முடிவு செய்தது.

மருந்தாக வேண்டுவோர்

பிறவியிலேயே கார்னிட்டீனை உயிரணுவுக்குள் ஈர்க்க இயலாத சில குழந்தைகள் உண்டு. காய்ச்சலில் உண்ணாதிருக்கும்போது மயங்கி விழுதல், தசைத்தளர்ச்சி, இதயத்தசை நலிவு ஆகியவை அதன் குறிகள். அக்குழந்தைக்கு இது உயிர் காக்கும் மருந்து. இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளர் சிலருக்கும், வலிப்புக்கு வால்புரோயேட்டு உண்போர் சிலருக்கும் மருத்துவர் இதனை அளிப்பதுண்டு.

தீங்குகள்

நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் உண்டால் குமட்டல், வயிற்றுப்போக்கு, உடலில் மீன் நாற்றம் ஆகியவை தோன்றலாம். மேலும், குடலிலுள்ள நுண்ணுயிர்கள் இதனை மாற்றுவதால் விளையும் ஒரு பொருள், இரத்தக்குழாய்த் தடிப்புடன் தொடர்புடையது என 2013-இல் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

களத்தில் செய்யத்தக்கவை

“படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஒரு டப்பா வாங்கட்டுமா?” என்று ஒரு தாய் கேட்பாளாயின், முதலில் அவள் கண்ணிமையின் உட்புறத்தையும் நகத்தையும் நோக்குக. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். அவளுக்கு வேண்டுவது இரத்தப் பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும் ஆகலாம். நீரிழிவு, தைராய்டுக் குறை, காசநோய் ஆகியவையும் சோர்வாகவே முதலில் தோன்றுவதுண்டு. டப்பாவை நம்பிக் கழியும் திங்கள்களில் அந்நோய் முற்றிவிடும். ஆகவே சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடிப்பின், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதலே முதற் பணியாகும்.