துறைமுகக் கிடங்குகளின் ஜீர்ணோத்தாரணம்

அன்புமிக்க வாசுகிக்கு,

உபயோகமற்றுப்போன துறைமுகக் கிடங்கு ஒன்றைப் பொதுமக்களுக்குப் பயன்படும்படி மாற்றியமைத்துக் காட்டுமாறு கட்டடக்கலை வகுப்பில் உங்களைப் பணித்திருப்பதாகவும், அங்கே நூலகம் வைப்பதா, அங்காடி வைப்பதா என்று தோழியரிடையே விவாதம் முற்றியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். என் அபிப்பிராயத்தில் அந்த விவாதத்தைச் சற்று முன்னதாகவே தொடங்கிவிட்டீர்கள். பழைய கட்டடத்தில் நாம் எதை வைக்க விரும்புகிறோம் என்பதைவிட, எதை ஏற்கும் இயல்பு அதற்கு உண்டு என்பதே முதலில் ஆராயத்தக்கது. இதைக் கற்பதற்கு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து ஆல்பர்ட் துறையைக் காட்டிலும் சிறந்த பாடத்தை நான் அறியேன்.

மெர்சி நதியின் முகத்துவாரத்தில் கடலின் ஏற்றவற்றம் மிகப் பெரிதாகையால், கப்பல்கள் தரைதட்டாதிருக்க, பெருங்கதவுகளால் நீரைத் தேக்கிவைக்கும் செயற்கைத் துறைகளை அந்நகரத்தார் அமைத்தனர். அவற்றுள் ஜெஸ்ஸி ஹார்ட்லி என்னும் பொறியியல் நிபுணர் நிர்மாணித்து, விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் 1846இல் திறந்துவைத்த இத்துறையின் விசேஷம், நீரின் விளிம்பிலேயே கிடங்குகள் நிற்பதாகும். சரக்கு கப்பலிலிருந்து நேரே உள்ளே சென்றுவிடுவதால் காலம் மிச்சமாயிற்று, களவும் குறைந்தது. பஞ்சும் சர்க்கரையும் மதுவும் குவியும் இடத்தில் தீயே பெரும்பகை என்பதை உணர்ந்த ஹார்ட்லி, மாதிரிக் கட்டுமானங்களை எழுப்பி, அவற்றில் மரத்தையும் தாரையும் நிரப்பித் தாமே தீ மூட்டிப் பரீட்சித்த பின்னரே, வார்ப்பிரும்பு, செங்கல், கல் ஆகியவற்றைத் தேர்ந்தார். 1848இல் நீரழுத்தத்தால் இயங்கும் பளுதூக்கிகளும் அங்கே வந்தன.

இத்தனை உறுதியும் வாணிகத்தைக் காக்கவில்லை. பாய்மரக் கப்பல்களை மனத்திற்கொண்டு அமைத்த நுழைவாயில் பெரிய நீராவிக் கப்பல்களுக்குப் போதாமற்போயிற்று. இரண்டாம் உலகப் போரின் குண்டுகள் ஒரு பகுதியைச் சிதைத்தன. 1972இல் மூடப்பட்ட துறை சேறு படிந்து தூர்ந்தது. இடித்துவிடும் யோசனைகளும் எழாமலில்லை. 1981இல் அரசு நிறுவிய மெர்சிசைடு வளர்ச்சிக் கழகம் துறையைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றபின், சேற்றை வாரியதும், கதவுகளைச் செப்பனிட்டு நீரை மறுபடி நிறுத்தியதும் தொடக்க வேலைகளுள் அடங்கின. திருக்குளத்தைத் தூர்ந்தபடியே விட்டுவிட்டுக் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவது கோயிலுக்கு எவ்வாறு ஜீர்ணோத்தாரணம் ஆகாதோ, அவ்வாறே நீரை மறந்துவிட்டுக் கிடங்கைமட்டும் புதுக்குவதும் புனருத்தாரணம் ஆகாது.

அடுத்து, உபயோகத்தைத் தேர்ந்த விதத்தைப் பார். பெரும்பாரம் தாங்குவதற்கென்றே கட்டிய தளங்களுக்கு மக்கள் கூட்டம் ஒரு சுமையன்று. சரக்குக்கு வெளிச்சம் அதிகம் வேண்டியதில்லையாதலால் இத்தகைய கட்டடங்களின் உட்புறம் மங்கலாகவே இருக்கும். வீட்டுக்குக் குறையாகும் அந்த மங்கல், வெயில் படக்கூடாத ஓவியங்களுக்கும் பழம்பொருள்களுக்கும் அனுகூலமாகிறது. ஆகவே கடல்சார் அருங்காட்சியகமும், கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டர்லிங் உட்புறத்தை மாற்றியமைக்க, 1988இல் திறக்கப்பட்ட டேட் கலைக்கூடமும் அங்கே இயல்பாகப் பொருந்தின. அடிமை வாணிகத்தைப் பிரிட்டன் 1807இல் சட்டத்தால் தடுத்த பிறகே இத்துறை எழுந்ததாயினும், அந்நகரத்தின் செல்வத்தில் அவ்வாணிகத்துக்கும், அமெரிக்க அடிமைகள் விளைத்த பஞ்சுக்கும் பெரும்பங்கு உண்டு. அந்தச் சரித்திரத்தை மறையாமல் கூறும் சர்வதேச அடிமைமுறை அருங்காட்சியகம் 2007இல் இதே கிடங்கு வளாகத்தில் அமைந்தது. கல்லையும் இரும்பையும் காப்பாற்றியவர்கள், அவற்றின் பழியையும் காப்பாற்றி வைத்தார்கள் என்பதே எனக்கு அதில் பெருமையாகத் தோன்றுகிறது.

நம்மவருக்கு நெருங்கிய சிங்கப்பூரிலும் நீரே முதலில் சீர்பெற்றது. 1977இல் தொடங்கிய நதிச் சுத்திகரிப்புப் பத்தாண்டுகளில் நிறைவேறிய பிறகே, போட் கீ, கிளார்க் கீ ஆகிய கரைகளின் கடைகளும் கிடங்குகளும் புதுப்பொலிவு பெற்றன. ஆனால், 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டபோது, அவற்றை நம்பிப் பிழைத்தவர்களும் அந்நதியை விட்டகன்றார்கள். தொடக்க காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழரும் தோணி செலுத்திய அந்நதியில், உழைத்தவர்களைச் சிலைகளே இன்று நினைவூட்டுகின்றன. அருகே மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகளோ இடிபட்டுவிட்டன. உண்டுகளிக்கும் இடமாகக் கரை மாறுவதில் தவறில்லை. கரையை உருவாக்கியவர்களின் கதைக்கும் அங்கே ஓர் அறை இல்லாமற்போவதுதான் குறை.

ஆகவே, வாசுகி, நீர்மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, தளம் எவ்வளவு பாரம் தாங்கும், வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பனவற்றை அளந்து, அங்கே மூட்டை சுமந்தவர்கள் எவரேனும் இருந்தால் அவர்களையும் விசாரித்துவிட்டுப் பிறகு பென்சிலைத் தொடு. இன்னொன்றையும் மறவாதே: களவுக்கு அஞ்சி உயர்ந்த மதில்களால் ஊராரை விலக்கி வைப்பதே அக்காலத் துறைமுகங்களின் நியதி. அந்த நியதியை நீ தலைகீழாக்க வேண்டும். கையில் காசில்லாத ஒரு சாமானியன் யாரையும் அனுமதி கேளாமல் நீரின் விளிம்புவரை நடந்து, நிழலில் அமர்ந்து, தாகத்துக்குத் தண்ணீர் குடித்துத் திரும்ப உன் வரைபடத்தில் வழி இருக்குமானால், உள்ளே நூலகம் இருந்தாலும் அங்காடி இருந்தாலும் அது பொதுமக்களின் கட்டடமே. அவ்வழி இல்லையேல், அதற்குப் பொது என்ற பெயரை நீ சூட்டலாகாது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியப்பா