பேட்டரி இல்லாத கம்ப்யூட்டர்



விமானிப் பயிற்சி பெறுபவர்களிடம் வட்டமான ஒரு கருவி இருக்கும். பெயர் ஃப்ளைட் கம்ப்யூட்டர். பெயர்தான் கம்ப்யூட்டர், பேட்டரி கிடையாது, திரை கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு வட்டுகள், அவ்வளவுதான்! 1930களில் அமெரிக்கரான பிலிப் டால்டன் வடிவமைத்த வகை இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. பயிற்சியில் இருக்கும் என் அத்தை மகனிடம் ஒன்றை வாங்கி விடுமுறையில் பழகினேன். கற்றதைச் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வட்டுகளின் ஓரத்திலும் 10 முதல் எண்கள் இருக்கும். ஆனால் நம் ஸ்கேல் மாதிரி சம இடைவெளியில் இருக்காது. 20க்கும் 40க்கும் உள்ள இடைவெளிதான் 40க்கும் 80க்கும். அதாவது, இரண்டால் பெருக்க எங்கிருந்தாலும் ஒரே தூரம் நகர்ந்தால் போதும். மேல்நிலை வகுப்பு அண்ணன்கள் படிக்கும் மடக்கைதான் இது.

ஒரு கணக்கு

வேகம் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்). தூரம் 150 கடல் மைல். எவ்வளவு நேரம் ஆகும்?

1. உள்வட்டில் 60 என்ற இடத்தில் அம்புக்குறி இருக்கும். அதை வெளிவட்டின் 90க்கு நேரே வையுங்கள்.
2. வெளிவட்டில் 15ஐப் பாருங்கள். 150க்கும் அதே 15தான்.
3. அதற்கு நேரே உள்வட்டில் 10 இருக்கும்.

10 நிமிடமா? இல்லை! ஒரு மணியில் 90 மைல் என்றால் 150 மைலுக்கு ஒரு மணிக்கு மேல், இரண்டு மணிக்குள் ஆகும். ஆகவே விடை 100 நிமிடம். வட்டு இலக்கங்களை மட்டும்தான் காட்டும். புள்ளி வைப்பது நம் மூளை.

எரிபொருளும் இப்படித்தான். மணிக்கு 24 லிட்டர் செலவானால், அம்பை 24க்கு நேரே வையுங்கள். உள்வட்டின் 10க்கு நேரே 40 வரும். 100 நிமிடத்துக்கு 40 லிட்டர்.

மனக்கணக்கு ஏன் முக்கியம்?

1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு என்ஜினும் நின்றுபோனது. எரிபொருள் அளவுமானி வேலை செய்யாததால் தரையில் கையால்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்காமல் 1.77ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது பவுண்டுக்கான எண்! விடை 13,597 'கிலோ' என்று வந்தது. உண்மையில் சுமார் 6,170 கிலோதான்.

அங்கே பயன்பட்டது இந்த வட்டு இல்லை; ஆனாலும் பாடம் ஒன்றுதான். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று நமக்குத் தெரியும். ஜெட் எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அப்படியானால் 7,682 லிட்டர் எரிபொருள் 7,682 கிலோவுக்குக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வி போதும், தவறு தெரிந்துவிடும்.

விமானி அதை கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

நினைவில் கொள்க: முதலில் தோராய விடை, பிறகு கருவி. நம் கால்குலேட்டருக்கும் இதே விதிதான்!

உங்களுக்கு ஒரு கணக்கு: வேகம் 80 நாட், தூரம் 20 கடல் மைல், மணிக்கு 24 லிட்டர் செலவு. எரிபொருளுக்கு வட்டு 60 என்று காட்டும். 600 லிட்டரா, 60 லிட்டரா, 6 லிட்டரா? வட்டு இல்லாமலே சொல்லுங்கள் பார்ப்போம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்