இரண்டு முறை கேஸ்... லீக் மட்டும் அப்படியே!

கேள்வி: திருச்சி உறையூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வைத்திருப்பது 2012 மாடல் சின்ன கார். மார்ச் கடைசியில் ஏசியிலிருந்து சூடான காற்று வர, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ‘கேஸ் இறங்கிடுச்சு சார்’ என்று 2,200 ரூபாய்க்கு கேஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். 3 வாரம் ஓடியது. இரண்டாவது முறை, ‘கண்டன்சர் போயிடுச்சு’ என்று அதை மாற்றி, மறுபடி கேஸ் ஏற்றி 11,800 ரூபாய் வாங்கினார்கள். அது 28 நாள் தாங்கியது. மூன்றாவது முறை போனபோது, ‘கூலிங் காயில் லீக். டேஷ்போர்டைக் கழட்டணும், 16,000 ஆகும்’ என்றார்கள். இதை முதலிலேயே ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, ‘பழைய வண்டி சார், ஒண்ணை மாத்துனா இன்னொண்ணு போகத்தான் செய்யும்’ என்று பதில். கழற்றிய கண்டன்சரைக் கேட்டால், அது காயலான் கடைக்குப் போய்விட்டதாம். கையில் இருப்பவை வெள்ளைத் தாளில் எழுதிய இரண்டு சீட்டுகளும் யுபிஐ-யில் பணம் கட்டிய விவரமும்தான். பழைய வண்டிக்காரருக்கு நுகர்வோர் உரிமை கிடையாதா, கொடுத்த 14,000 ரூபாய் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறார்.

வழக்கறிஞர் பதில்: உரிமை உண்டு. பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

‘பழைய வண்டி’ என்ற பதிலை முதலில் ஒதுக்கிவிடலாம். வாசகர் ஒர்க்‌ஷாப்பிடம் வாங்கியது காரை அல்ல, சேவையை. வண்டிக்கு வயது எத்தனை ஆனாலும், அந்த ரிப்பேர் இந்த வருடம் காசு கொடுத்து வாங்கியதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(11), செய்த வேலையின் தரத்திலும் செய்த விதத்திலும் உள்ள குறையைச் ‘சேவைக் குறைபாடு’ என்கிறது. வண்டி எந்த வருட மாடல் என்று அது கேட்பதில்லை.

ஆனால், ஏசி மறுபடியும் கெட்டது என்பதற்காக மட்டும் சேவைக் குறைபாடு நிரூபணமாகிவிடாது. குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருடையது என்று எஸ்ஜிஎஸ் இந்தியா - டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே, ஒழுங்கான மெக்கானிக் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார், இவர்கள் என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைக் காட்ட வேண்டும். அதற்குச் சட்டப் புத்தகத்தைவிட பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் உதவும்.

கார் ஏசியின் கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசியலாம். 4, 5 வருடத்துக்கு ஒருமுறை குறைந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 3 வாரத்தில் தீர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. 2012 மாடல் வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் கசிவது கண்ணுக்குத் தெரியாது. அதோடு சேர்ந்து வெளியே வரும் கம்ப்ரஸர் ஆயில் மட்டும் அங்கேயே தங்கி, அதன் மேல் தூசி ஒட்டி, பைப் ஜாயின்ட்டில் கறுத்த பிசுக்காக நிற்கும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் தேடுவது அந்தப் பிசுக்கைத்தான். (வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து லீக் என்று பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. ஏசி ஓடும்போது அந்தத் தண்ணீர் சொட்டத்தான் வேண்டும்.)

பிசுக்கு தெரியாவிட்டால் அடுத்த வழிகள் இருக்கின்றன. கேஸுடன் சாயம் ஏற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, யுவி டார்ச் அடித்தால் லீக்கான இடம் பச்சையாக மின்னும். நைட்ரஜன் ஏற்றி, ஜாயின்ட்டுகளில் சோப்பு நுரை தடவியும் பார்க்கலாம். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பதால் அங்கே டார்ச் எட்டாது. அதற்கும் வழி உண்டு: தண்ணீர் வெளியேறும் டிரெயின் டியூப் வாயிலோ, ஏசி வென்ட்டிலோ லீக் டிடெக்டரின் முனையைக் காட்டினால், உள்ளே கசிவு இருந்தால் அது கத்தும். டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். ‘வேக்கம் போட்டுப் பார்த்தோம், நின்னுச்சு’ என்று சொல்வது முழுப் பதில் ஆகாது. வேக்கம் போடும்போது ஜாயின்ட்டில் விழும் அழுத்தம் அதிகபட்சம் 15 பிஎஸ்ஐக்குள். வண்டி ஓடும்போது கண்டன்சர் பக்கம் அது 200-ஐத் தொடும். சின்ன லீக் முதல் சோதனையில் தப்பிவிடும், இரண்டாவதில் தப்பாது.

முதல் தடவை இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் கேஸை மட்டும் ஏற்றியிருந்தால், வாசகரின் வழக்கு அங்கிருந்தே தொடங்குகிறது. கண்டன்சர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய நியாயமான பதில் ஒன்று உண்டு: ‘கண்டன்சரில் நிஜமாகவே ஓட்டை இருந்தது. அதை மாற்றிய பிறகு, ஏற்கெனவே அரித்துப்போயிருந்த காயில் விட்டுக்கொடுத்தது.’ பழைய வண்டியில் இது நடக்கக்கூடியதே. அப்படியானால் ஓட்டை விழுந்த கண்டன்சரைக் காட்டியிருக்க வேண்டும், போட்டோவாவது எடுத்திருக்க வேண்டும். அது காயலான் கடைக்குப் போனதில் நஷ்டம் ஒர்க்‌ஷாப்புக்கும்தான்; தன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சாட்சியை அவர்களே கிலோ கணக்கில் விற்றுவிட்டார்கள்.

அந்த வெள்ளைச் சீட்டு இன்னொரு வாசலைத் திறக்கிறது. முறையான பில் தராமல் இருப்பதே பிரிவு 2(47)-ன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பழைய அல்லது ரீகண்டிஷன் செய்த பொருளைப் புதியது என்று சொல்லிக் கொடுப்பதும் அதில் அடக்கம். மாற்றிய கண்டன்சரில் கம்பெனி லேபிள், பார்ட் நம்பர் இருக்கிறதா என்று வாசகர் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. அதே பிரிவில் 30 நாள் கணக்கு ஒன்றும் வருகிறது. பில்லில் வேறு கெடு எழுதாதபோது, குறையுள்ள சேவைக்கான பணத்தை 30 நாளுக்குள் திருப்பித்தர மறுப்பதும் நேர்மையற்ற நடைமுறையே. வாசகரின் ஏசி 28-ம் நாள் நின்றது. அன்றோ மறுநாளோ ‘திரும்பவும் சூடா வருது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, பணத்தைக் கேட்டிருந்தால், அந்த மெசேஜை அழித்துவிட வேண்டாம். மெக்கானிக் போட்ட வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அதையும்.

எவ்வளவு கேட்கலாம்? முதல் தடவை ஏற்றிய கேஸின் 2,200 ரூபாயைத் தயங்காமல் கேட்கலாம். கண்டன்சரில் லீக் இருந்ததற்கு ஒர்க்‌ஷாப் ஆதாரம் காட்டாவிட்டால், 11,800-ஐயும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் சேர்க்கலாம். புது கூலிங் காயில் செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது. காயில் தேய்ந்தது வண்டியின் வயதால். யாரிடம் போயிருந்தாலும் அந்தச் செலவு வந்திருக்கும். இதையும் சேர்த்துப் பெரிய தொகையாகக் கேட்டு, நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

நடைமுறை சுலபம். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, 15 நாள் கெடு கொடுத்து, ஸ்பீட் போஸ்டில் ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். அங்கேயே சமரசம் ஆகிவிடுவதும் உண்டு. ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டியென்றால் அவரும் நுகர்வோரே. லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் - பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவரையே உதாரணமாகச் சொன்னது. பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் அந்த வரம்புக்குள் வருவது கடினம்.

கடைசியாக ஒன்று. உறையூர் வெயிலில் ஏசி இல்லாமல் ஓட்டுவது கொடுமைதான், ஆனாலும் வாசகர் உடனே வேறு இடத்தில் விட்டு டேஷ்போர்டைக் கழற்றச் சொல்லிவிட வேண்டாம். முதலில் இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் டிடெக்டர் வைத்துச் சோதித்து, லீக் எங்கே என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கட்டும். கழற்றும்போது போனில் வீடியோ எடுக்கட்டும். புது பில்லில் காயில், டிரையர், ஓ-ரிங் தனித்தனியாகவும், ஏற்றிய கேஸ் எத்தனை கிராம் என்றும் இருக்கட்டும். கழற்றிய பழைய காயிலை மட்டும் எவருக்கும் கொடுக்காமல், ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வரட்டும்.