கணிப்பொறியின் கட்டுச்சோறு

வழியில் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஐயம் இருந்தால், நெடும்பயணம் புறப்படுபவர் கட்டுச்சோறு கட்டிக்கொள்வார். கணிப்பொறி நிரல்களுக்கும் இப்படி ஒரு தேவை ஏற்படுவதுண்டு.

ஒரு நிரல் தனக்கு வேண்டிய படம், ஒலி முதலியவற்றைப் பெரும்பாலும் வட்டில் உள்ள தனிக் கோப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். நிரலை மட்டும் வேறு கணிப்பொறிக்குக் கொண்டு சென்று, கோப்பை விட்டுவிட்டால் வேலை நின்றுவிடும். வட்டையே படிக்க முடியாத நேரமும் உண்டு. லினக்ஸ் தொடங்கும்போது சில கணிப்பொறிகளின் திரையில் ஒரு பெங்குவின் படம் தோன்றும். வட்டிலுள்ள கோப்புகளைத் திறக்கும் ஏற்பாடு அப்போது முடிந்திருக்காது. பின், படம் எங்கிருந்து வந்தது?

நிரலுக்குள்ளிருந்தே வந்தது! எப்படி என்று பார்ப்போம்.

படமானாலும் பாட்டானாலும், எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசையே. ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். எடுத்துக்காட்டாக, ‘அ’ என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. எண்களை நிரலில் எழுதலாம் அல்லவா? ஆகவே, கோப்பு முழுவதையும் ஓர் எண் பட்டியலாக நிரலிலேயே எழுதிவிடலாம்.

லினக்ஸ் பெங்குவின் படத்தில் 80 × 80 = 6,400 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட். அதில் பயன்படக்கூடிய நிறங்கள் அதிகபட்சம் 224. நிறத்துக்கு மூன்று எண்கள் வீதம் 672 வரை. ஆக மொத்தம் 7,072 எண்கள் வரை. கையால் எழுதினால் பிழை வராமல் இருக்குமா? எனவே, இதற்கென ஒரு சிறு கருவி நிரலை லினக்ஸில் வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கோப்புக்கும் பயன்படும் பொதுக்கருவி ‘எக்ஸ்எக்ஸ்டி’. விம் என்னும் எழுத்துத் தொகுப்பு நிரலுடன் இது கிடைக்கிறது. கட்டளை வரியில் இதன் பெயர், ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து, பிறகு கோப்பின் பெயர் ஆகியவற்றைத் தந்தால், சி மொழியில் ஒரு பட்டியல் வெளிவரும். எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும், மதிப்பு மாறாது.

பட்டியலின் இறுதியில் அதன் நீளமும் இருக்கும். அது ஏன்? சி மொழியில் ஒரு சொற்றொடரின் முடிவை 0 என்ற பைட் காட்டுகிறது. படத்திலோ 0 நடுவிலும் வரலாம். அதை முடிவென்று கொண்டால் பாதிப் படமே கிடைக்கும்!

எழுத்து வடிவில் பட்டியல், மூலக் கோப்பைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு பெரியது. ஆனால் கம்பைலர் அதை இயந்திர மொழிக்கு மாற்றியதும் ஓர் எண் மீண்டும் ஒரே பைட் ஆகிவிடும். மிகப் பெரிய பட்டியலைப் படிக்கக் கம்பைலருக்கு நேரம் பிடிக்கும். இதனால் 2024-இல் வெளியான சி மொழித் தரத்தில், கோப்பை நேரடியாகச் சேர்க்கவே ஒரு கட்டளை இடம்பெற்றது.

கட்டுச்சோற்றில் ஒரு குறை உண்டு: வழியில் குழம்பை மாற்ற முடியாது. படத்தை மாற்ற வேண்டுமானால் நிரலை மீண்டும் தொகுத்தாக வேண்டும். எனவே, அடிக்கடி மாறாத, ஆனால் இல்லாமல் முடியாத கோப்புகளுக்கே இம்முறை ஏற்றது.

செய்து பாருங்கள்: ஒரு கோப்பில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதி இக்கருவியிடம் கொடுங்கள். 15 எண்கள் வரும். 16 வந்தால், அந்தக் கூடுதல் எண் எதைக் குறிக்கிறது?