காற்று அடைத்தும் உப்பாத மெத்தை

கேள்வி: எங்கள் மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். வாரத்தில் சில நாள் மதுரைக்கு அழைத்துப் போகிறோம். மற்ற நாட்களில் வீட்டிலேயே பழகட்டும் என்று காற்றடிக்கும் தரை மெத்தை ஒன்று வாங்கினோம். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். காற்று ஏற்றினால் பலூன் மாதிரி உருண்டு திரளாமல், பலகை மாதிரி தட்டையாக நிற்கிறது. ரப்பர் தடிமனாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். நிஜமா? இன்னொரு சந்தேகம்: காலையில் பதமாக இருக்கும் மெத்தை, வாசலில் போட்டு வைத்தால் மத்தியானம் கல்லாகிவிடுகிறது. கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவோம். மறுநாள் விடிந்து பார்த்தால் தொய்ந்து கிடக்கிறது. எங்கோ ஓட்டை இருக்குமோ?
— ஒரு வாசகி, திருவாதவூர்

பதில்: பாண்டியன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கப் புறப்பட்ட வாதவூரரின் ஊர்க்காரர் நீங்கள். கொடுத்த காசுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் உரிமை உண்டு. ஓட்டைக் கவலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெரிய ஓட்டையுள்ள மெத்தை மத்தியானம் தானாகக் கல்லாகாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரப்பர் தடிமன் என்ற விளக்கத்தைப் பலரும் சொல்கிறார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழகி முடித்ததும் அந்த மெத்தையைச் சுருட்டிக் கட்டி மூலையில் வைக்கிறீர்கள் அல்லவா? காற்றின் தள்ளலைத் தன் விறைப்பாலேயே தடுத்து நிறுத்தும் அளவுக்குத் தடித்த ஒரு பொருளைப் பாய்போலச் சுருட்ட முடியாது. உண்மையில் அது ரப்பர்கூட இல்லை. பெரும்பாலான மெத்தைகளில் பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள், அவ்வளவே.

தடிமனைக் கூட்டினாலும் தட்டையாக நிற்காது என்பது இன்னும் சுவாரசியமான விஷயம். அடைபட்ட காற்று எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். அதை எதிர்க்க ஒரு மெல்லிய தோலிடம் இருக்கும் ஆயுதம் இழுவிசை மட்டுமே. இழுவிசை என்றால், துணியை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் அதற்குள் ஓடும் விறைப்பு. தோல் தட்டையாக இருக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் பக்கவாட்டில்தான் போகும். மேலே தள்ளும் காற்றைக் கீழே அழுத்த அதில் துளியும் மிச்சமில்லை. தோல் வளைந்தால்தான் இழுப்பின் ஒரு பங்கு உள்நோக்கித் திரும்பும். அதனால் காற்று அடைத்த எந்தத் தோலும் வளைந்தே தீரும். இரும்புக்கும் இதே விதிதான். உங்கள் சமையலறை கேஸ் சிலிண்டரின் தலையும் அடியும் ஏன் தட்டையாக இல்லாமல் குவிந்திருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். தட்டையாகச் செய்வதானால் இரும்பைப் பல மடங்கு கனமாக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு விசை என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். பைக் டயருக்கு "28 வைங்க" என்று பங்க்கில் சொல்கிறோமே, அது ஒரு சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு அழுத்தம். உங்கள் மெத்தையில் வெறும் 2 பவுண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 1,550 சதுர அங்குலம். மெத்தையின் மேல்பரப்பு 3 சதுர மீட்டர். பெருக்கினால் 9,300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4,200 கிலோ. நாலு டன்னுக்கு மேற்பட்ட விசை மேல்துணியை உயரத் தள்ளுகிறது. அதே அளவு விசை அடித்துணியைத் தரையை நோக்கித் தள்ளுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளை விளையாடும் மெத்தை!

இந்த நாலு டன்னை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? நூல்கள்.

மெத்தையின் காற்றை முழுக்க இறக்கித் தரையில் விரியுங்கள். நடுவில் மேல்துணியைக் கிள்ளித் தூக்குங்கள். 10 சென்டிமீட்டர் வரை தனியாக எழும்பி வரும். அதற்கு மேல் அடித்துணியும் சேர்ந்தே வரும். வால்வை மரையோடு கழற்ற முடிகிற மாடலாக இருந்தால் துளை வழியே செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக, நெருக்கமாக, ஒரே நீளத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் தெரியும். ஒவ்வொரு நூலும் மேல்துணியையும் அடித்துணியையும் பிணைத்திருக்கிறது. போடி இலவம்பஞ்சில் மெத்தை தைக்கிறவர், பஞ்சு ஒரு பக்கம் திரண்டுவிடாமல் இருக்க, இடைவெளி விட்டு ஊசியை மேலிருந்து கீழே செலுத்தி முடிச்சுப் போடுவாரே, அந்தக் கட்டுதான் இது. அவர் அரையடிக்கு ஒன்று போடுகிறார். இங்கே ஒவ்வொரு அங்குலத்துக்குள்ளும் பல. அதனால் நூலுக்கு நூல் நடுவே துணி புடைப்பதற்கு இடமே இல்லை. வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்த்தால் மேற்பரப்பில் மெல்லிய வரிகள் தெரியும். நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும் தடம் அது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மேலும் கீழும் தட்டை. பக்கச் சுவர் மட்டும் வெளியே வளைந்திருக்கும். அங்கே குறுக்கே நூல் கிடையாது, ஆகவே காற்று தன் குணத்தைக் காட்டுகிறது. சித்திரைத் திருவிழாப் பொருட்காட்சியில் பிள்ளைகள் குதிக்கும் காற்று மாளிகையும் இதற்குச் சாட்சி. அதன் தரை வரப்பும் வாய்க்காலுமாக இருக்கும். உள்ளே நூல்களுக்குப் பதிலாக ஓரடிக்கு ஒன்றாகத் துணித் தடுப்புகள் இருப்பதால், தடுப்புக்குத் தடுப்பு நடுவே உப்பிவிடுகிறது.

இந்த நெசவுக்கு டிராப் ஸ்டிட்ச் என்று பெயர்: இரண்டு துணிகளை ஒரே தறியில், ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் நூல்களால் கோத்தபடியே நெய்வது. இதற்கு உறவுக்காரன் வெல்வெட். வெல்வெட் நெய்யும் ஒரு முறையில் இரண்டு துணிகள் எதிரெதிராக நெய்யப்படும். பாவு நூல்களில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரு பகுதி இரண்டு துணிக்கும் நடுவே மாறி மாறிப் போய்வரும். பிறகு தறியிலேயே ஒரு கத்தி நடுவில் ஓடி அந்த நூல்களை அறுக்கும். இரண்டு துணியும் பிரிய, அறுபட்ட நுனிகள் மயிர்போல நிற்கும். அதுதான் நாம் தடவி மகிழும் வெல்வெட்டின் மென்மை. கத்தி வைக்காமல் விட்டு, நடுநூலை நீளமாக்கி, வெளிப்பக்கம் காற்றுப் புகாத பூச்சுப் போட்டால் உங்கள் மகளின் மெத்தை.

விளையாட்டுக்கு வருமுன் இது விமானத்தில் பறந்துவிட்டது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1956-ல் காற்றடைத்த துணியாலேயே ஒரு விமானம் செய்தது. இன்ஃப்ளேட்டோபிளேன் என்று பெயர். எதிரிப் பகுதியில் சிக்கிய விமானிக்கு மேலிருந்து மூட்டையாகப் போட்டால், அவர் காற்றேற்றி ஏறித் தப்பி வரலாம் என்பது திட்டம். இறக்கை தட்டையாகவும் விறைப்பாகவும் நின்றது இந்த நடுநூல் நெசவால்தான். 12 விமானங்கள் செய்தார்கள். 1973-ல் திட்டம் கைவிடப்பட்டது. துணி விமானத்தைச் சுட்டு வீழ்த்துவது எவ்வளவு எளிது என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். இன்று கடலில் நின்றபடி துடுப்புப் போடும் காற்றுப் பலகைகளிலும் இதே துணிதான். அவற்றில் 15 பவுண்டு வரை ஏற்றுகிறார்கள்.

அப்படியானால் இவ்வளவு விறைப்பாகக் கட்டப்பட்ட மெத்தை கால் பட்டதும் எப்படி இளகிக் கொடுக்கிறது? நூலால் இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கால் அழுத்திய இடத்தில் நூல்கள் சட்டென்று தொய்ந்துவிடுகின்றன. தாங்குவது காற்று மட்டும். 30 கிலோ எடையுள்ள பெண் பல்டி அடித்து இறங்கும்போது ஒரு கணம் எடையைப் போல் 5 மடங்கு, அதாவது 150 கிலோ விசை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 பவுண்டு அழுத்தமுள்ள காற்று அதைத் தாங்க ஒரு சதுர அடிக்குச் சற்று மேல் பரப்பு வேண்டும். பாதங்களின் பரப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே போதிய பரப்பு கிடைக்கும்வரை குழி விரிந்துகொண்டே ஆழமாகிறது. அந்த நாலைந்து சென்டிமீட்டர் ஆழம்தான் முட்டிக்கும் கணுக்காலுக்கும் கிடைக்கும் சலுகை. குழி விழுந்ததில் 300 லிட்டர் காற்றில் 4 லிட்டருக்கு இடம் குறைந்தால், உள் அழுத்தம் 2-லிருந்து 2.2 ஆகும், அவ்வளவுதான். எனவே மெத்தை கடைசிவரை ஒரே சீராகத் தாங்கி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஸ்பாஞ்ச் மெத்தை அப்படியல்ல. அது காற்றைத் தன் துளைகளின் வழியே பிதுக்கி வெளியே விட்டு ஆற்றலைத் தின்றுவிடும்.

காற்றைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடும் என்ற நினைப்பு தலைகீழானது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அழுத்தம் கூடினால் சிறிய குழியிலேயே போதுமான தாங்கல் கிடைத்துவிடும். குழி சிறிதானால் நிற்கும் தூரம் குறையும், அடி கூடும்.

சரி, உங்கள் மத்தியானக் கல். இங்கே ஒரு கண்கட்டு வித்தை நடக்கிறது. அழுத்தமானி காட்டுவது மானி அழுத்தம், அதாவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். வெளிக்காற்றே ஏறத்தாழ 14.7 பவுண்டு அழுத்துகிறது. ஆகவே மெத்தைக்குள் மொத்தம் 16.7. வெப்பம் கூடும்போது ஏறுவது இந்த மொத்தம். காலையில் 27 டிகிரியில் காற்றடித்து, மே மாத வெயிலில் போட்டு, உள்காற்று 55 டிகிரிக்குப் போனால் மொத்தம் சுமார் 9 சதவீதம் ஏறும்: 18.2. வெளிக்காற்றைக் கழித்தால் மானி 3.5 காட்டும். ஒன்பது சதவீதச் சூடு, முக்கால் மடங்கு விறைப்பு! சிலிண்டரைப் போல மெத்தை துளியும் விரியாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. துணி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சற்றுக் குறையும்.

அந்தச் சூட்டில் நீங்கள் காற்றை இறக்கி மறுபடி 2-க்குக் கொண்டுவருகிறீர்கள். இரவில் காற்று குளிர்கிறது. விடியும்போது அதே 27 டிகிரியில் மானி அரைப் பவுண்டுக்குச் சற்று மேலே காட்டும். தொய்வுக்குக் காரணமான ஓட்டை நீங்கள் திறந்த வால்வுதான். உடனே காலையில் பம்ப் போட்டு ஏற்றுவீர்கள், மத்தியானம் மறுபடி கல். பழகும் நேரத்தில், பழகும் இடத்தில் காற்றடித்து மானியைப் பார்த்துவிட்டால் இந்தச் சுற்று நின்றுவிடும். அப்படியும் சந்தேகம் மிச்சமிருந்தால், வெயில் படாத அறையில் ஓர் இரவு வைத்து, அடுத்த நாள் அதே நேரத்தில் மானியைப் பாருங்கள். சோப்புத் தண்ணீரை ஓரத் தையலிலும் வால்வைச் சுற்றியும் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வந்துவிடும்.

வெயிலில் போடுவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. சூட்டில் துணியின் பூச்சும் பசையும் இளகுகின்றன. அதே நேரத்தில் ஒவ்வொரு நூலின்மேலும் இழுப்பு ஏறுகிறது. பலவீனமான ஓரிடத்தில் சில நூல்கள் விட்டுவிட்டால் அவற்றின் பங்கு பக்கத்து நூல்களின் தலையில் விழும், அவையும் விடும். ஒரு நாள் மெத்தையின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு எழும். துளை விழுந்தால் பி.வி.சி. ஒட்டு வைத்துச் சரிசெய்யலாம். நூல் விட்ட புடைப்புக்கு மருந்தில்லை. வெளியிலிருந்து எந்த ஊசியும் அங்கே போக முடியாது. கையை ஊன்றிக் கரணம் போடும் பிள்ளைக்கு அந்த மேடு மணிக்கட்டைத் திருப்பிவிடும். அப்படி ஆனால் உத்தரவாதக் காலம் மீதமிருக்கிறதா என்று பார்த்துக் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டியில் இந்த மெத்தை கிடையாது. இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ஆசிஷ் குமார் 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றது 12 மீட்டருக்கு 12 மீட்டர் தரையில். அதன் அடியில் ஸ்பிரிங்கும் பலகையும், மேலே ஸ்பாஞ்சும் கம்பளமும் இருக்கும். அதன் எதிர்த் தள்ளல் வேறு. காற்று மெத்தை, ஏற்கெனவே கைவந்த கரணத்தை மூட்டு நோகாமல் பலமுறை திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுவதற்கு. புதிய பல்டியை வீட்டில் அதன்மேல் முயல விடாதீர்கள். தலைகுப்புற விழும் பிள்ளையையும் அது மேலேதான் தள்ளும்; 10 சென்டிமீட்டர் காற்று கழுத்துக்குப் போதாது. மெத்தையை விட்டு வெளியே விழும் பிள்ளைக்குச் சிமெண்ட் தரைதான் கிடைக்கும், ஆகவே நாலு பக்கமும் பழைய பஞ்சு மெத்தைகளை விரித்துவிடுங்கள்.