நான் சேர்க்காத லைப்ரரி எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் ஆர்டர், ஜாப் ஒர்க் கணக்குக்கான ஜாவா மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பையர்கள் அனுப்பும் எக்செல் ஷீட்டைப் படிக்க அப்பாச்சி பிஓஐ 5.2.3 சேர்த்தேன். ஃபைல்அப்லோட் 1.3.3 ஏற்கெனவே இருக்கிறது. மேவன் பில்ட் சிக்கலின்றி முடிகிறது. ஷீட்டை ஏற்றினால் காமன்ஸ்-ஐஓவில் ஒரு கிளாஸைக் காணோம் என்று பிழை வருகிறது. காமன்ஸ்-ஐஓவை நான் சேர்க்கவே இல்லையே?

- வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் சேர்த்த இரண்டும்தான் அதை இழுத்து வந்தன. ஃபைல்அப்லோட் 1.3.3 கேட்பது காமன்ஸ்-ஐஓ 2.2, பிஓஐ 5.2.3 கேட்பது 2.11.0. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகளை மேவன் வைத்துக்கொள்ளாது. எது புதியது என்றும் பார்க்காது. உங்கள் திட்டத்திலிருந்து குறைந்த படிகளில் எட்டுவதை எடுக்கும். படிகள் சமமென்றால், பாம் கோப்பில் முதலில் எழுதியதன் வழியே வருவதை எடுக்கும். ஃபைல்அப்லோட் மேலே இருந்திருக்கும், 2.2 நுழைந்துவிட்டது. கிரேடிலாக இருந்தால் புதிய பதிப்பே வந்திருக்கும். பிஓஐ முன்பே கம்பைல் ஆகி வருவதால், பில்ட் நேரத்தில் இந்தக் குறை தெரியாது.

‘எம்விஎன் டிபெண்டன்சி:ட்ரீ’ கட்டளையை வெர்போஸ் சேர்த்து ஓட்டுங்கள். எது யார் வழியாக வந்தது, எது கழிக்கப்பட்டது என்று முழு மரமும் தெரியும். பிறகு பாம் கோப்பின் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் காமன்ஸ்-ஐஓ 2.11.0 என்று எழுதிவிடுங்கள். யார் இழுத்தாலும் அதுதான் வரும். எக்ஸ்க்ளூஷனாலும் முடியும். ஆனால் நாளை இன்னொரு லைப்ரரி பழையதை இழுத்து வந்தால் மறுபடி இதே வேலை.

ஃபைல்அப்லோடையும் 1.5-க்கு மாற்றுங்கள். கோப்புகளைக் கணக்கின்றி அனுப்பி சர்வரை முடக்கும் ஓட்டையை அடைக்க, எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வசதி அதில்தான், 2023-இல், வந்தது. அந்த வரம்பை நீங்களே அமைக்க வேண்டும், தானாக வராது.

சாயப்பட்டறை வாங்கிய சாயத்தில் தடை செய்யப்பட்ட அசோ இருந்தால், ஐரோப்பிய பையர் பதில் கேட்பது எக்ஸ்போர்ட்டரிடம்தான். இங்கும் அப்படியே, லைப்ரரிகள் இழுத்து வருவதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. 2021 டிசம்பரில் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது, அது தங்கள் மென்பொருளுக்குள் இருப்பதே தெரியாமல் தேடியவர்கள் ஏராளம். வேறு லைப்ரரி வழியாக உள்ளே வந்திருந்தது.

ஆகவே மேவன் என்ஃபோர்சரில் ‘டிபெண்டன்சி கன்வர்ஜென்ஸ்’ விதியைப் போட்டுவையுங்கள். பதிப்புகள் முரண்பட்டால் பில்ட் அங்கேயே நிற்கும். முதல் நாள் பல முரண்கள் வரிசை கட்டும். சலிக்காமல் ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடுங்கள். பையரின் உண்மையான ஷீட் ஒன்றை ஏற்றிப் பார்த்த பிறகே சர்வரில் போடுங்கள்.