கோடும் கணிப்பும்: சிறுவர் அசைவூட்டப் படங்கள் குறித்து ஒரு கடிதம்



சிறுவர் திரைப்படங்களில் கையால் வரையப்பட்டவை சிறந்தவையா, கணினியால் ஆக்கப்பட்டவை சிறந்தவையா என்னும் கேள்வி, படம் வரையும் ஆர்வமுள்ள பிள்ளைகளிடையே அடிக்கடி எழுவதாகும். விடை கூறுமுன் இரண்டும் உருவாகும் முறையை அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் திரையில் தெரியும் பளபளப்பை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்பவர்கள், கருவியின் இயல்பையும் கலைஞரின் திறனையும் ஒன்றெனக் கொண்டு மயங்கிவிடுகிறார்கள்.

அசைவூட்டம் என்பது, ஒன்றிலிருந்து மற்றொன்று சிறிதளவே வேறுபடும் அசையாப் படங்களை விரைந்து அடுத்தடுத்துக் காட்டி, அவை அசைவதாகக் கண்ணை நம்பவைக்கும் கலையாகும். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இவை ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். கைவரைவில் ஒரே வரைபடத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தி வைப்பது பெருவழக்கு ஆகையால், வினாடிக்கு 12 வரைபடங்கள் போதுமெனக் கொண்டாலும், 90 நிமிடப் படத்தில் ஒரேயொரு பாத்திரம் இடையறாது அசைவதற்கு 64,800 வரைபடங்கள் தேவைப்படும். அசைவின் முக்கிய நிலைகளை முதன்மை ஓவியர் வரைந்து கொடுக்க, அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை உதவி ஓவியர்கள், கீழிருந்து ஒளி பாய்ச்சப்பட்ட மேசையில் தாளின் மேல் தாள் வைத்து வரைந்து நிரப்புவார்கள். பின்னர் அவை செல் எனப்படும் ஒளிபுகும் தாள்களில் படியெடுக்கப்பட்டு, பின்புறத்தில் வர்ணம் தீட்டப்பட்டு, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கப்பட்டன.

இம்முறையில் உருவான படங்களுள் எம்மவர்க்கு மிகவும் நெருக்கமான கதையைக் கொண்டது, யுகோ சாகோ என்னும் ஜப்பானியரின் முயற்சியால் இந்திய, ஜப்பானியக் கலைஞர்கள் இணைந்து ஆக்கிய ‘ராமாயணா: த லெஜன்ட் ஒஃப் பிரின்ஸ் ராமா’ ஆகும். 1993இல் இந்தியாவில் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட இப்படத்தின் இயக்குநர்களுள் ஒருவரான ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றபின், இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் 1956இல் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸிடம் அசைவூட்டம் கற்றவர். மூன்று தசாப்தங்கள் கழித்து, 2025 ஜனவரியில், இதே படம் தமிழ் உட்படப் பல மொழிகளில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அதே காலத்தில் செய்யப்பட்ட கணினிக் காட்சிகள் பல இன்று பழையனவாகத் தோன்ற, இதன் கோடுகள் தோன்றாமைக்குக் காரணம் உண்டு: கோடு எக்காலத்திலும் தன்னைக் கோடாகவே காட்டிக்கொள்கிறது, கணினி உருவமோ உண்மைப் பொருள்போல் தோன்ற முயல்வதால், அடுத்த தலைமுறை இயந்திரம் வந்தவுடன் அதன் குறை வெளிப்பட்டுவிடுகிறது.

கணினி அசைவூட்டத்தில் பாத்திரம் வரையப்படுவதில்லை, கட்டப்படுகிறது. முதலில் முப்பரிமாண உருவம் அமைக்கப்படும். அதனுள் மூட்டுகளோடு கூடிய எலும்புக்கூடு பொருத்தப்படும். தோலுக்கும் துணிக்கும் நிறமும் மேற்பரப்பும் கொடுக்கப்படும். கலைஞர் அந்த மூட்டுகளை நகர்த்தி நடிப்பை உண்டாக்கிய பின்னர், ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே படிகிறது என்பவற்றைக் கணினி ஒவ்வொரு சட்டகத்துக்கும் கணித்து இறுதிப் படத்தை ஆக்கித் தரும். 1995இல் வெளிவந்த ‘டோய் ஸ்டோரி’, முழுவதும் இவ்வாறு ஆக்கப்பட்ட உலகின் முதல் முழுநீளப் படமாகும். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் ‘பாண்டவாஸ்’ என்னும் கணினிப் படத்தை ஆக்கி, ஆங்கில மொழிப் படத்துக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. கட்டப்பட்ட உருவத்தை எக்கோணத்திலும் காட்டலாம், மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே இம்முறையின் பெரும் வசதி. கைவரைவிலோ கோணம் மாறுந்தோறும் உழைப்பு புதிதாகத் தொடங்கும்.

இரு முறைகளுக்கும் இடையிலான மற்றொரு வேறுபாட்டை, தைப்பொங்கல் நாளில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றப்படும் பட்டத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பட்டம் திரும்பியவுடன் அதன் நீண்ட வால் உடனே திரும்புவதில்லை. அடிப்பகுதி முதலில் இழுபட, நுனி பிந்தி வந்து சுழித்து அடங்குகிறது. கணினிக் கலைஞர் வாலின் நிறை, வளையுந்தன்மை, காற்றின் வேகம் ஆகியவற்றை எண்களாகக் கொடுத்தால், நுனி எக்கணத்தில் எங்கே நிற்கும் என்பதை நிரல் கணித்துவிடும். நூறு பட்டங்கள் பறந்தாலும் அதற்குச் சலிப்பில்லை. கையால் வரைபவர் அந்தப் பிந்துதலைத் தாமே பார்த்து, எவ்வளவு பிந்த வேண்டும் என்று தாமே தீர்மானிக்கிறார். கதையில் பட்டம் கர்வமுள்ளதாயின் வாலை மிடுக்காகச் சொடுக்கலாம், அஞ்சியதாயின் நடுங்கவிடலாம். பௌதிகவியல் கேட்காமலே வந்து சேர்வது கணினியின் பலம். அதை மீறுவது எளிதாயிருப்பது கையின் பலம்.

எனினும் கணினியை உயிரற்றதென்று ஒதுக்குவது நியாயமாகாது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ இதற்கு ஏற்ற பாடமாகும். அதில் நடிகர்களின் அசைவுகள் உணர்கருவிகளால் பதிவுசெய்யப்பட்டுக் கணினி உருவங்களுக்கு ஏற்றப்பட்டன. மறைந்த நடிகர் நாகேஷும் கணினி உருவமாக மீட்டுருவாக்கப்பட்டார். ஆயினும் முகங்களில் உயிரோட்டம் இல்லை என்னும் குறை பரவலாக எழுந்தது. மனிதரை ஏறக்குறைய ஒத்திருந்தும் முழுமையாக ஒவ்வாத உருவம் காண்போருக்கு ஒருவகை ஒவ்வாமையைத் தருமென, ரோபோவியல் அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதியிருந்தார். இத்தவறு கணினிக்கு மட்டும் உரியதன்று. நடித்த காட்சியைப் படம்பிடித்து அதன் மேல் கோடு வரையும் கருவிக்கு மாக்ஸ் ஃபிளெய்ஷர் 1917இல் காப்புரிமை பெற்றார். அவரது நிறுவனம் ஆக்கி 1939இல் வெளிவந்த ‘கலிவரின் பயணங்கள்’ படத்தில், அவ்வாறு படியெடுக்கப்பட்ட கலிவர் விறைப்பாக நிற்க, கற்பனையால் வரையப்பட்ட குள்ள மனிதர்களே துள்ளுகிறார்கள். ஆகவே அசைவைக் கொல்வது கருவியன்று, நகலெடுத்தாற் போதும் என்னும் எண்ணமே.

சிறந்த கலைஞர்கள் இரண்டுக்கும் நடுவே மதில் எழுப்புவதில்லை. கைவரைவுக்குப் புகழ்பெற்ற ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி, 1997இல் வந்த ‘பிரின்சஸ் மோனோனொகே’ படத்தின் சில பகுதிகளுக்குக் கணினியைப் பயன்படுத்தினார். மறுபுறம், கணினிப் படமான ‘மோவானா’வில் (2016) மாவி என்னும் பாத்திரத்தின் உடலில் உலவும் பச்சைகுத்தல் உருவங்கள் கையால் அசைவூட்டப்பட்டன.

இலங்கையிலும் இத்தகைய இணைவுக்கு எடுத்துக்காட்டு உண்டு. கமிலஸ் பெரேரா பேனாவால் வரைந்து சிங்கள வாசகரிடையே புகழ்பெறச் செய்த கஜமன் என்னும் சித்திரக்கதைப் பாத்திரம், 2023இல் முப்பரிமாணக் கணினிப் படமாகத் திரைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் அத்தகைய செல்வம் உண்டு. கரவெட்டியைச் சேர்ந்த சிவஞானசுந்தரம், சிரித்திரன் சுந்தர் என்னும் பெயரில் படைத்த சவாரித்தம்பர், சின்னக்குட்டி முதலிய பாத்திரங்கள், சில கோடுகளிலேயே ஒரு சமூகத்தின் நடையுடை பாவனையைக் காட்டியவை. அவற்றை அசையச் செய்ய விரும்புபவர், முதலில் அவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படித் திரும்புவார்கள் என்று சிந்திக்க வேண்டும். அச்சிந்தனையை எந்த மென்பொருளும் செய்து தராது.

கருவி விலையுயர்ந்தது என்னும் தடை இன்று பெருமளவு நீங்கிவிட்டது. லாத்வியா நாட்டின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கி, 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற ‘ஃபுளோ’, எவரும் இலவசமாகத் தரவிறக்கக்கூடிய பிளெண்டர் என்னும் மென்பொருளில் ஆக்கப்பட்டது. அதே மென்பொருளில் கையால் வரைந்து அசைவூட்டவும் வசதி உண்டு. ஆனால் அதைத் திறக்குமுன் பழைய கொப்பியொன்றின் மூலையில், பக்கத்துக்கு ஒன்றாக 24 படங்களில், காற்றில் ஆடும் பனையோலையை வரைந்து, பக்கங்களை விரலால் விரைந்து புரட்டிப் பாரும். ஓலை எங்கே தயங்குகிறது, எங்கே விரைகிறது என்பது கைக்குப் பிடிபட்ட பின்னர் கணினிக்குச் செல்வீராக. அந்த ஒழுங்கில் கற்பவருக்குக் கணினி ஏவலாளாகும். மாற்றிக் கற்பவரைக் கணினியே ஏவும். எனவே கையா கணினியா என்று வாதிடுவதை விடுத்து, இன்றே பென்சிலை எடுப்பீராக.